புற்றுநோய் வலிக்கான புதிய சிகிச்சைகள் வார்டு வரை வந்து சேராதது ஏன்?

கேள்வி: 4 ஜூன், மாலை 6.10

என் தந்தைக்குக் கணையப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். மார்ஃபினின் அளவு கூடிக்கொண்டே போகிறது. பகல் முழுவதும் அரைத்தூக்கத்தில் இருக்கிறார். விழித்திருக்கும் நேரத்தில் முதுகு வரை பரவும் வலியில் சுருண்டு கிடக்கிறார். நரம்புப் பின்னலில் மருந்தைச் செலுத்தி இந்த வலியைத் தடுக்கலாம் என்று படித்துவிட்டு மருத்துவரிடம் கேட்டேன். "அது இங்கே வழக்கமில்லை" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிட்டது. புதிய சிகிச்சைகளை மருத்துவமனைகள் வேண்டுமென்றே தள்ளிவைக்கின்றன, அதற்குப் பணம்தான் காரணம் என்பது என் எண்ணம். உள்ளே வேலை செய்பவர்கள் யாராவது இதை மறுத்துச் சொல்ல முடியுமா?

4 ஜூன், இரவு 10.45

புற்றுநோய் வார்டில் செவிலியராகவும், பிறகு வலி சிகிச்சைக் குழுவிலும் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பணம் ஒரு காரணம்தான். அதைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நீங்கள் கேட்ட சிகிச்சை ஆய்வு உலகத்துக்குப் பழையது, பல மருத்துவமனைகளுக்கு மட்டும் இன்னும் புதியது.

வயிற்றின் மேற்பகுதியில் பெருந்தமனியை ஒட்டி இருக்கும் சீலியாக் நரம்புப் பின்னல்தான் கணையத்தின் வலியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே ஆல்கஹாலைச் செலுத்தி அந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்வதுதான் இந்த முறை. 1993-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அறுவை அரங்கிலேயே ஆல்கஹால் செலுத்தப்பட்டவர்களுக்கு, உப்புநீர் செலுத்தப்பட்டவர்களைவிட வலி குறைவாக இருந்தது. 2004-இல் நூறு பேரிடம் நடந்த ஆய்விலும் வலி குறைந்தது. ஆனால் மார்ஃபின் தேவையிலும் வாழ்நாளிலும் வேறுபாடு தெரியவில்லை. 2011-இல் வந்த ஆய்வு, எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, நோயைக் கண்டறிந்த தொடக்கத்திலேயே இதைச் செய்தால் அடுத்த மாதங்களில் வலி குறைவாக இருப்பதைக் காட்டியது. வயிற்றுப்போக்கு, இரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவை பக்க விளைவுகளாக வரலாம். மிக அரிதாகக் கால்கள் செயலிழந்ததும் உண்டு. இவை எல்லாம் பல ஆண்டுகளாக அச்சில் இருக்கும் செய்திகள்.

ஆகவே உங்கள் மருத்துவர் சொன்ன "வழக்கமில்லை" பொய்யாக இருக்காது. அந்தக் கட்டடத்தில் அதைச் செய்யக் கற்றவர் இல்லை, அல்லது கற்றவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை, அல்லது செய்த பிறகு நோயாளியை எந்த வார்டில் வைத்துப் பார்ப்பது என்று யாரும் முடிவு செய்யவில்லை. மூன்றில் எது உண்மை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. "வழக்கமில்லை" என்றால், வழக்கம் உள்ள இடத்துக்குக் கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்கும் உரிமையும் உண்டு.

5 ஜூன், அதிகாலை 5.20

நேற்று எழுதியதில் மூன்றாவதாகச் சொன்னதை விரித்து எழுத வேண்டும். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்று உண்டு. ஒரு புதிய வலி சிகிச்சை மருத்துவமனைக்குள் நிலைக்குமா என்பது கருத்தரங்கிலோ, மருத்துவமனையில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மருந்துக் குழுவின் கூட்டத்திலோ தீர்மானமாவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருக்கும் செவிலியருக்கு அதைக் கையாளத் தெரியுமா, கையாள அனுமதி இருக்கிறதா, தெரியாதபோது தொலைபேசியில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியுமா என்பதில்தான் தீர்மானமாகிறது.

நான் முன்பு வேலை செய்த மருத்துவமனை ஒன்றில், இடுப்பெலும்பு முழுவதும் புற்று பரவிய ஒரு பெண்மணிக்கு, மயக்கவியல் மருத்துவர் தண்டுவட உறைக்குள் மெல்லிய குழாய் வைத்து, வெளியே சிறிய பம்ப் ஒன்றை இணைத்தார். உட்காரவே முடியாமல் இருந்தவர் மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார். வார்டில் இருந்த எல்லோரும் அவரைப் போய்ப் பார்த்தோம். அடுத்த சில நாட்களில் ஓர் இரவு பம்பின் எச்சரிக்கை மணி அடித்தது. பணியில் இருந்த இளம் செவிலியருக்கு அந்தக் கருவியைப் பற்றி ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பணி மருத்துவர் வேறு துறையைச் சேர்ந்தவர். அவரும் அதைத் தொடத் தயங்கினார். பொருத்தியவரின் தொலைபேசி எண் கேஸ் ஷீட்டில் இல்லை. விடியும் வரை பம்ப் நின்றிருந்தது. அந்தப் பெண்மணி பட்ட வலியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. குழாய் மடங்கியிருந்ததுதான் காரணம் என்று காலையில் தெரிந்தது. அதைச் சரிசெய்யச் சிறிது நேரமே பிடித்தது.

அதன் பிறகு வார்டின் தலைமைச் செவிலியர், அப்படிப்பட்ட நோயாளிகளை இனித் தன் வார்டில் ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவோ, வலிக்காக மட்டும் படுக்கை தர முடியாது என்றது. சிகிச்சை அங்கேயே நின்றுபோயிற்று. தலைமைச் செவிலியர் மேல் எனக்கு அன்று கோபம் இருந்தது, இன்று இல்லை. தயாரிப்பே இல்லாமல் தன் ஊழியர்களின் தலையில் ஒரு பொறுப்பு விழுவதை அவர் தடுத்தார்.

5 ஜூன், மதியம் 1.30

"ஒரு பம்புக்குப் போய் இவ்வளவு பயமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், பயம் நியாயமானது. வாயால் கொடுக்கும் மார்ஃபினில் 300 மில்லிகிராம் செய்யும் வேலையைத் தண்டுவட உறைக்குள் ஏறத்தாழ 1 மில்லிகிராம் செய்யும் என்பதுதான் பரவலாகப் பயன்படுத்தும் கணக்கு. இதில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் நோயாளியின் மூச்சு நிற்கலாம். 2002-இல் 202 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், உள்ளே பொருத்தும் பம்ப் வைத்துக்கொண்டவர்களுக்கு வலியும் ஓரளவு குறைந்தது, மயக்கமும் சோர்வும் போன்ற மருந்தின் தொல்லைகளும் நன்றாகவே குறைந்தன. அந்த நன்மை உண்மையானது. அந்த ஆபத்தும் உண்மையானது. செவிலியர்களின் தயக்கத்தை அறியாமை என்று பெயரிட்டு, ஒரு மணி நேர வகுப்பு நடத்திவிட்டால் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

6 ஜூன், இரவு 9.00

பணம் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். கேள்வி கேட்டவரின் எண்ணம் மிகவும் பொருந்தும் இடம் கதிர்வீச்சு சிகிச்சை.

எலும்புக்குப் பரவிய புற்றால் வரும் வலிக்கு ஒரே அமர்வில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தாலும், பத்து அமர்வுகளாகப் பிரித்து 30 கிரே கொடுத்தாலும் வலி குறைவது ஒரே அளவில்தான் என்று 1990-கள் முதல் ஆய்வு மேல் ஆய்வாகச் சொல்லிவிட்டார்கள். நெதர்லாந்தில் 1999-இல் வெளியான ஆய்வில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். ஒரே அமர்வுக்கு ஒரு குறை உண்டு: மீண்டும் கதிர்வீச்சு தேவைப்படுபவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், பல அமர்வுகளில் அது பன்னிரண்டில் ஒருவர் என்ற அளவில் இருக்கும். அதை நோயாளியிடம் சொல்லி அவரையே முடிவெடுக்க விடலாம். எலும்பு முறியும் நிலையில் இருப்பவர்களுக்கும் தண்டுவடம் நெரிபடுபவர்களுக்கும் கணக்கு வேறு. மற்றபடி, ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரெச்சரில் ஏறி இறங்கும்போது உயிர் போகும் வலியில் துடிப்பவரைப் பத்து நாட்கள் அலைக்கழிப்பதற்கு மருத்துவக் காரணம் குறைவு.

இருந்தும் பல நாடுகளில் பல அமர்வு முறையே நீடித்தது. அமர்வுக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிடும் இடத்தில், ஓர் அமர்வில் முடிப்பது துறையின் வருமானத்தைக் குறைத்துக்கொள்வது. 2013-இல் அமெரிக்கக் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் சங்கமே, இத்தகைய வலிக்குப் பத்துக்கும் மேற்பட்ட அமர்வுகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. இங்கே கருவி ஏற்கெனவே இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. குறைவாகச் செய்வது சிறந்தது என்ற முடிவை ஏற்கக்கூட இத்தனை காலம் பிடித்தது.

ஆனால் பணத்தோடு நிறுத்திவிட முடியவில்லை. கட்டணத்துக்கும் அமர்வுக்கும் தொடர்பே இல்லாத அமைப்புகளிலும் மருத்துவர்கள் பல அமர்வுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தாம் பயிற்சி பெற்ற இடத்தில் எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்வது ஒரு காரணம். நோயாளி மீண்டும் வலியோடு திரும்பி வந்தால், குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்ற குற்ற உணர்ச்சி இன்னொரு காரணம். என்னுடன் பணியாற்றிய கதிர்வீச்சு மருத்துவர் ஒருவர் இந்த இரண்டாவது காரணத்தை என்னிடம் மனம்விட்டுச் சொன்னார். அவர் தம்முடைய நோயாளிகளைச் சிகிச்சைக்குப் பின் தொலைபேசியில் விசாரிக்கும் பொறுப்பை எங்கள் குழு ஏற்றுக்கொண்ட பிறகுதான், ஒரே அமர்வைத் துணிந்து பரிந்துரைக்கத் தொடங்கினார். பின்தொடரும் ஆள் இருந்தது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

7 ஜூன், காலை 7.15

சுருக்கமாக ஒன்று. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒலி அலைகளைக் குவித்து எலும்பு வலியைக் குறைக்கும் முறைக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2014-இல் வந்த ஆய்வில் 64 சதவீதம் பேருக்குப் பலன் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. இதற்குத் தடை எது என்றால், எம்.ஆர்.ஐ. கருவியின் முன் காத்திருக்கும் வரிசைதான். ஒருவருக்கு இந்தச் சிகிச்சை அளிக்கும் நேரத்தில் பல பேருக்குப் படம் எடுக்கலாம் என்று கதிரியக்கத் துறை சொல்லும்போது, வலியின் சார்பில் பேச அந்த அறையில் யாராவது இருக்க வேண்டும்.

8 ஜூன், இரவு 11.30

முந்தைய குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது, கருவிகளைப் பற்றியே அதிகம் எழுதியிருப்பது தெரிந்தது. கருவி எதுவும் தேவைப்படாத மாற்றங்களும் தேங்கிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது.

உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த மூன்று படி ஏணியை எல்லோரும் படித்திருப்போம்: முதலில் பாரசிட்டமால் வகை, பிறகு டிரமடால், கோடீன் போன்ற வலுக் குறைந்த மருந்துகள், அதன் பிறகு மார்ஃபின். மிதமான வலி உள்ள 240 நோயாளிகளிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் படியைத் தாண்டி நேரடியாகக் குறைந்த அளவு மார்ஃபின் பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வலுக் குறைந்த மருந்து பெற்றவர்களில் அது 58 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஏணியைப் பொதுவான வழிகாட்டியாக மட்டுமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாளியின் வலியையும் அளந்து அதற்கேற்பத் தொடங்கச் சொல்கிறது.

குறைந்த அளவு மார்ஃபின் விலை மலிவு. வார்டு அலமாரியில் பூட்டி வைத்த நிலையில் இருக்கவே இருக்கிறது. ஆனால் டிரமடாலை ஒரு வரியில் எழுதிவிடலாம். மார்ஃபின் என்றால் தனிப் படிவம், தனிப் பதிவேடு, இரண்டு செவிலியர்களின் கையொப்பம், சாவி வைத்திருப்பவரைத் தேடிப்போவது, பணிமாற்றத்தின்போது மீதியை எண்ணிக் கணக்குக் காட்டுவது. எண்ணிக்கையில் ஓர் ஆம்பூல், அதாவது ஊசி மருந்துக் குப்பி, குறைந்தால் விசாரணை. ஒரு வார்டில் இரவில் இரண்டே செவிலியர்கள் இருக்கும்போது இருவரும் ஒரே நோயாளியின் படுக்கையருகே நிற்க வேண்டும் என்ற விதி, மற்ற நோயாளிகளைத் தனியே விட்டுவிடச் சொல்கிறது. மருந்து மாறினாலும் இந்த நடைமுறை மாறாத இடத்தில், கை தானாக எளிய மருந்தை நோக்கித்தான் போகும்.

இந்தக் கட்டுப்பாடுகளின் வேர் 1961-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் பற்றிய உலக உடன்படிக்கையில் இருக்கிறது. அதே உடன்படிக்கையின் முகப்புரை, வலியையும் துன்பத்தையும் தணிப்பதற்கு இம்மருந்துகள் இன்றியமையாதவை என்றும், அவை கிடைப்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. கட்டுப்பாடுகளை அமல்படுத்திய அளவுக்கு, மருந்து கிடைக்கச் செய்யும் பாதியை நாடுகள் அமல்படுத்தவில்லை. 2017-இல் வெளியான லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, உலகில் ஆண்டுதோறும் விநியோகமான 298.5 டன் மார்ஃபின் வகை மருந்துகளில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன் மட்டுமே என்று கணக்கிட்டது. அந்த நாடுகளின் நோயாளிகளைப் பொறுத்தவரை, பழைய மருந்தே இன்னும் வந்து சேரவில்லை.

9 ஜூன், மாலை 4.40

அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சத்தைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். நோயாளிகள் வலியை மறைப்பதற்கான காரணங்களை 1993-இல் ஒரு வினாத்தொகுப்பாகத் தொகுத்தார்கள். அடிமையாகும் அச்சம் அதில் ஒன்று. இப்போதே பயன்படுத்திவிட்டால் பின்னால் வலி முற்றும்போது மருந்து வேலை செய்யாது என்ற எண்ணம், வலி கூடுவதை ஒப்புக்கொண்டால் நோய் முற்றியதை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்ற நினைப்பு, மருத்துவரின் கவனம் புற்றைக் குணப்படுத்துவதிலிருந்து விலகிவிடும் என்ற கவலை, முறையிடாத நல்ல நோயாளியாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் ஆகியவையும் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னதை நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் சுற்றி வரும்போது "பரவாயில்லை ஐயா" என்று சொல்லிவிட்டு, அவர் கதவைத் தாண்டியதும் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு.

இதற்கும் புதிய சிகிச்சைக்கும் என்ன தொடர்பு என்றால், அளக்கப்படாத வலிக்குப் புதிய சிகிச்சையை யாரும் கேட்க மாட்டார்கள். 1993-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 900 புற்றுநோய் மருத்துவர்களிடம் கேட்டபோது, நல்ல வலி நிவாரணத்துக்கு முதன்மைத் தடை வலியைச் சரியாக மதிப்பிடாததுதான் என்று நான்கில் மூன்று பேர் அவர்களே சொன்னார்கள். 1994-இல் 1,308 வெளிநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வலி இருந்தவர்களில் 42 சதவீதம் பேருக்குப் போதுமான மருந்து கொடுக்கப்படவில்லை. வலி நோயாளியின் அன்றாட வாழ்வை எவ்வளவு தடுக்கிறது என்பதில் நோயாளியின் கணிப்பும் மருத்துவரின் கணிப்பும் வேறுபட்ட இடங்களில் இந்தக் குறை அதிகமாக இருந்தது. முப்பது ஆண்டுகள் பழைய எண்கள்தான். நிலைமை முன்னேறியும் இருக்கிறது. ஆனாலும் அண்மைத் தொகுப்பாய்வுகளில்கூடப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மிதமான அல்லது கடுமையான வலியோடு இருக்கிறார்.

பிரிட்டனில் 19 புற்றுநோய் மையங்களில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதில் புது மருந்து எதுவும் இல்லை. வலியை அளந்து எழுதும் ஒரு படிவத்தையும், எண் கூடினால் அடுத்து என்ன செய்வது என்ற எளிய வழிகாட்டுதலையும், நோயாளியின் வெப்பநிலை குறிக்கும் அதே இடத்தில் வைத்தார்கள். வழக்கமான பராமரிப்பு தொடர்ந்த மையங்களோடு ஒப்பிட்டால், அங்கே நோயாளிகளின் வலி குறைந்தது. கட்டில் முனையில் தொங்கும் ஒரு தாளால் இது முடிந்தது. எங்கள் வார்டில் அப்படி ஒரு தாளைத் தொங்கவிட்ட பிறகுதான், எத்தனை பேர் இரவில் வலியோடு கிடக்கிறார்கள் என்பது நிர்வாகத்துக்கு எண்ணாகத் தெரிந்தது. நரம்புத் தடுப்பு ஊசிக்கு வாரத்தில் ஒரு நாள் அறுவை அரங்கைக் கேட்டபோது அந்தத் தாள்களைத்தான் மேசையில் வைத்தோம்.

11 ஜூன், காலை 6.00

புதியதை எதிர்ப்பவர்கள் எல்லோரும் பிற்போக்கானவர்கள் என்ற தொனியில் சில பதில்கள் போகின்றன. அதை நான் ஏற்கவில்லை. கெட்டமின் மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தும் முறை, மார்ஃபினுக்கு அடங்காத புற்றுநோய் வலிக்குப் பல இடங்களில் நம்பிக்கையோடு பயன்படுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 185 நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், போலி மருந்தைவிட அது மேலானதாக இல்லை, பக்க விளைவுகள்தான் அதிகம். கஞ்சாவிலிருந்து எடுத்த வாய்த்தெளிப்பு மருந்தும் பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இவற்றை அவசரப்பட்டுச் சேர்க்காத மருந்துக் குழுக்கள் தம் நோயாளிகளுக்கு நன்மையே செய்தன.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வலி சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நோயாளிகள் பாதியில் உடல்நலம் குன்றி விலகிவிடுகிறார்கள். நரம்பை எரிக்கும் ஊசியைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவது, வலியில் துடிப்பவரிடம் எளிதில் கேட்கக்கூடிய விஷயமும் இல்லை. புற்றைக் குறைக்கும் மருந்துக்குக் கேட்கும் அதே தரத்துச் சான்றை இதற்கும் கேட்டுக்கொண்டு காத்திருந்தால், தகுந்த சிகிச்சைகளும் வாசலிலேயே நிற்கும். சான்று நடுத்தரமாக இருக்கும்போது, ஒரு வார்டில் தொடங்கி, ஒவ்வொரு நோயாளியின் முன்பின் வலி எண்ணையும் எழுதிவைத்து, குறித்த காலத்துக்குப் பின் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் வழி இருக்கிறது. அதைச் செய்யும் மருத்துவமனைகள் மிகக் குறைவு.

11 ஜூன், இரவு 8.50

இன்னொரு பக்கமும் உண்டு. 2001-இல் அமெரிக்க மருத்துவமனைகளுக்குச் சான்றளிக்கும் அமைப்பு வலியைக் கட்டாயம் மதிப்பிட வேண்டும் என்ற விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மருந்துகளின் பரவலான விற்பனையும் உயிரிழப்புகளும் பெருகிய பிறகு எல்லாம் எதிர்த்திசையில் திரும்பின. 2016-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் வாழ்நாள் இறுதியில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனாலும் மருந்தகங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அந்த வரம்புகளைப் புற்றுநோயாளிகள் மேலும் சுமத்தின. 2019-இல் அந்த மையமே விளக்கம் தர வேண்டியதாயிற்று. ஒரு விதியைப் படிப்பவர்கள் முதல் பக்கத்தை மட்டுமே படித்து அமல்படுத்துவார்கள் என்பதை, எந்த ஊரில் வலிக்கான விதி எழுதினாலும் மனத்தில் வைக்க வேண்டும்.

13 ஜூன், இரவு 10.10

"தடைகளையே அடுக்குகிறீர்கள், எங்காவது நடந்ததா?" என்ற கேள்விக்கு இது பதில்.

நடந்தது. வேறொரு மருத்துவமனையில், நரம்புத் தடுப்பு ஊசியையும் தண்டுவட உறைக்குள் வைக்கும் குழாயையும் தொடங்க முடிவு செய்தபோது, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இரவுப் பணியாளர்களோடு உட்கார்ந்தோம். என்னென்ன கெடக்கூடும் என்று அவர்களையே சொல்லச் சொன்னோம். மணி அடித்தால் என்ன, குழாய் கழன்றால் என்ன, காய்ச்சல் வந்தால் என்ன, மூச்சு மெதுவானால் என்ன என்ற அவர்களின் கேள்விகளே ஒரு பக்க நடைமுறைத் தாளாக மாறின. அந்தத் தாளின் தலையில் எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் இருந்தது. மயக்கவியல் மருத்துவர்கள் முறை வைத்து அதை எடுப்பதாக எழுதிக் கையொப்பமிட்டார்கள். அந்த எண் வேலை செய்கிறதா என்று ஓர் இரவு நானே கூப்பிட்டுச் சோதித்தேன். தூக்கக் கலக்கமான குரல் ஒன்று பதில் சொன்னது, அதன் பிறகு செவிலியர்கள் நம்பினார்கள்.

மருந்தாளுநர் ஒருவர் குழுவில் இருந்ததன் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். உறைக்குள் செலுத்தும் மருந்தை வார்டில் கலக்க வேண்டாம், மருந்தகத்திலேயே கலந்து வேறு நிற ஒட்டுத்தாளோடு அனுப்புகிறேன் என்று அவர் முன்வந்தார். மேலே எழுதிய புள்ளி இடம் மாறும் ஆபத்தை அந்த ஒரு முடிவு பெரிதும் குறைத்தது. புற்றுநோய் மருத்துவர்கள் எங்களுக்கு நோயாளிகளை மிகத் தாமதமாக அனுப்பிக்கொண்டிருந்ததும் மாறியது. காரணம், நாங்கள் அவர்களுடைய வாராந்தரக் கூட்டத்தில் போய் உட்காரத் தொடங்கியதுதான். படத்தில் கணையத்தைக் காட்டும்போதே, "இவருக்கு வலி எப்படி?" என்று கேட்க ஒருவர் அந்த அறையில் இருந்தார். உகாண்டா 2004-இல் பயிற்சி பெற்ற செவிலியர்களும் மார்ஃபின் எழுதலாம் என்று சட்டத்தை மாற்றியதைப் பற்றிப் படித்தபோது, படுக்கையருகே இருப்பவருக்கு அதிகாரம் கொடுப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இதைத் தொடங்கிய மயக்கவியல் மருத்துவர் வேறு வேலைக்குப் போனதும் ஊசிகளின் எண்ணிக்கை சரிந்தது. தாளும் எண்ணும் இருந்தும் சரிந்தது. செய்யத் தெரிந்த இரண்டாவது ஆளை நாங்கள் உருவாக்கி முடித்திருக்கவில்லை. இரண்டு பேர் பயிற்சி பெறும் வரை எந்தச் செயல்முறைச் சிகிச்சையையும் தொடங்கியதாகவே கணக்கில் எடுக்கக்கூடாது என்பது இப்போது என் கருத்து. இரண்டாமவர் வந்து சேர்ந்த பிறகு அது மீண்டும் எழுந்து நின்றது.

14 ஜூன், காலை 7.30

வீடு திரும்புவதைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறேன். பம்ப்பில் மருந்து தீரும்போது நிரப்ப ஆள் இல்லாத ஊருக்கு டிஸ்சார்ஜ் செய்ய முடியாது. செய்ய முடியாததால் நோயாளி தம் கடைசி வாரங்களை மருத்துவமனைப் படுக்கையில் கழிக்கிறார். அதைப் பார்த்த அடுத்த மருத்துவர் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கத் தயங்குகிறார். நரம்பை நீண்ட காலத்துக்குத் தடுக்கும் ஊசிக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதால், வீட்டுப் பராமரிப்பு வலுவற்ற இடங்களில் முதலில் தொடங்க அதுவே ஏற்றது என்பேன்.

16 ஜூன், இரவு 9.25

கேள்வி கேட்டவர், வேறு மருத்துவமனை தன் தந்தையைப் பார்க்க ஒப்புக்கொண்டிருப்பதாகத் தனிச் செய்தியில் எழுதியிருந்தார். என் பதிலைப் பொதுவில் எழுதச் சொல்லியிருக்கிறார்.

அண்மையில் எடுத்த சி.டி. படத்தையும், இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏதேனும் எடுத்துக்கொள்கிறார் என்றால் தொலைபேசியிலேயே முன்கூட்டிச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வழக்கமான வேளைகளுக்கு இடையே வலி மீறும்போது கொடுக்கும் இடைமருந்தை ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறார், எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறார் என்று இன்றிலிருந்தே எழுதிவையுங்கள். ஊசிக்குப் பிறகு எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், சில நாட்கள் வயிற்றுப்போக்கு இருக்கலாம். இவை பெரும்பாலும் தாமாக அடங்கும். கால்களில் மரத்துப்போவதோ பலமின்மையோ தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஒன்று. ஊசி பலித்து வலி இறங்கிவிட்டால், அதுவரை அவர் தாங்கிய அதே அளவு மார்ஃபின் அவருக்கு மிகுதியாகி, தூக்கமும் மூச்சுத் தளர்வும் வரக்கூடும். திடீரென்று முழுவதும் நிறுத்தினாலோ உடல் நடுக்கமும் வியர்வையும் வயிற்றுவலியும் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். யார் குறைப்பார்கள், எந்த நாளில் எவ்வளவு குறைப்பார்கள், இரவில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்ற மூன்றையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.